ஒரே சட்டி, ஒரே சூரை: திருகோணமலையில் ஒரு மதியச் சாப்பாடும் இரண்டு நொதியங்களும்

ஒரே சட்டியில் காய்ச்சிய சூரைக் குழம்பை நாலு பேர் சாப்பிட்டார்கள். ஒருவர் ஒரு மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார். இன்னொருவருக்கு முகம் லேசாகச் சிவந்து தலையிடித்தது. மற்ற இருவருக்கும் ஒன்றுமே இல்லை. மீன் கெட்டுப்போனது என்றால் எல்லோரையும் அல்லவா படுத்தியிருக்க வேண்டும்? ஒவ்வாமை என்றால், சின்ன வயசிலிருந்து சூரை சாப்பிட்டு வளர்ந்தவருக்கு இப்போது மட்டும் ஏன்?

நான் திருகோணமலையில் உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். இந்தக் குடும்பம் எனக்கு நெருக்கமானது. அவர்களுடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், பெயர்கள் வேண்டாம். நோயாளியை எங்கள் ஒழுங்கையில் எல்லோரும் கூப்பிடுகிறபடி பெரியம்மா என்றே சொல்கிறேன். நொதியம் (உடம்பின் இரசாயன மாற்றங்களை வேகப்படுத்தும் புரதம்) என்றாலே பிள்ளைகளுக்கு உமிழ்நீரும் மாச்சத்தும் அயடீன் சோதனையும்தான் நினைவுக்கு வரும். ஒரு வீட்டின் மதியச் சாப்பாட்டில் நொதியங்கள் ஓர் ஆளை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதை இந்த நிகழ்வு காட்டுகிறது.

நடந்தது

வைகாசி மாதம். வாடை ஓய்ந்து கிழக்குக் கடல் அமைதியாக இருக்கிற காலம் அது. கொட்பேயிலும் திருக்கடலூரிலும் மீன் தாராளமாக இறங்கும், விலையும் இறங்கும். கச்சான் காற்று வேறு. பத்து மணிக்கே முற்றத்து மணல் சுடும்.

அந்தச் சூரை விடியற்காலையில் கரைக்கு வந்தது. மோட்டார் சைக்கிளில் அது வீட்டு வாசலுக்கு வந்தபோது பதினொரு மணி. றெஜிபோம் பெட்டியின் அடியில் ஐஸ் கரைந்து இரத்தத் தண்ணீராக நின்றது என்றும், மேலே கிடந்த மீன்களில் ஐஸ் பட்டிருக்கவே இல்லை என்றும் மருமகளுக்கு நல்ல நினைவு. ஆனால் மீனைப் பார்த்துத்தான் வாங்கியிருக்கிறார். "கண் பளபளப்பா இருந்தது, செவுளும் சிவப்பு, ஒரு மணமும் இல்லை. கெட்ட மீன் எண்டு ஆராலயும் சொல்ல ஏலாது" என்றார். அவர் சொன்னது முழுக்கச் சரி. அது ஏன் சரி என்பதைப் பிறகு பார்ப்போம்.

வெட்டிக் கழுவிய துண்டுகள் குசினி மேசையில் ஒரு தட்டில் இருந்தன. தேங்காய் துருவி, சோறு வடித்து, குழம்பு அடுப்பில் ஏறப் பன்னிரண்டு தாண்டிவிட்டது. பழப்புளி விட்டு நன்றாகக் கொதிக்கவைத்த குழம்பு. ஒரு மணிக்குப் பிறகு சாப்பாடு. பெரியம்மாவுக்கு எப்போதும் தலைப்பக்கத் துண்டுதான் வேண்டும். இரண்டு துண்டு சாப்பிட்டார். மகனும் இரண்டு துண்டு, நடுப்பகுதியில். மருமகளுக்கு ஒன்று. பேரன் கொஞ்சம் பிய்த்துத் தின்றான்.

அரை மணி நேரம்கூட ஆகவில்லை. "நாக்கில மிளகு கடிச்ச மாதிரி எரியுது பிள்ளை" என்று பெரியம்மா தண்ணீர் கேட்டார். அடுத்த கொஞ்ச நேரத்தில் முகம், கழுத்து, நெஞ்சு எல்லாம் இரத்தச் சிவப்பு. கண்ணும் சிவந்தது. தலையிடி, நெஞ்சுப் படபடப்பு, உடம்பெங்கும் கடி, பிறகு வயிற்றோட்டம். எழும்பப் போனவர் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே இரத்த அழுத்தம் 90/60.

மகனுக்கும் அந்த நேரம் முகம் சூடாகித் தலையிடித்திருக்கிறது. அவர் வெயில் என்று நினைத்து யாரிடமும் சொல்லவில்லை. நான் ஒவ்வொருவராக விசாரித்த பிறகுதான் அது வெளியே வந்தது. ஆய்வுக்கு அது மிகப் பெரிய துப்பு.

கட்டிலருகே ஒரு துப்பு

வைத்தியர்கள் ஒவ்வாமை என்ற நினைப்போடுதான் தொடங்கினார்கள். அந்த நிலையில் அதுவே சரியான தொடக்கம். ஒவ்வாமையின்போது உடம்பு விடுகிற, தோலைச் சிவக்கவைக்கும் பொருள் ஹிஸ்டமின். அதை எதிர்க்கும் ஊசியும் சேலைனும் ஏறின. இரண்டு மணி நேரத்தில் சிவப்பு வடியத் தொடங்கியது.

"இதுக்கு முதல் மீன் சாப்பிட்டு இப்பிடி வந்திருக்கா அம்மா?"

"இல்லை டொக்டர். ஒரு நாளும் இல்லை."

"வேற குளிசை ஏதும் போடுறீங்களா?"

மகன் முந்திக்கொண்டு, "பிரஷருக்கு மட்டும்" என்றார்.

இரவு வேலைக்கு வந்த தாதி ஒருவர்தான் உண்மையைக் கண்டுபிடித்தார். பெரியம்மாவின் சிறுநீர் செம்மஞ்சள் நிறம். தோடம்பழச் சாற்றின் நிறத்தில் சிறுநீர் போனால், அனுபவமுள்ள தாதிக்கு முதலில் நினைவு வருவது ரிபாம்பிசின் என்ற காசநோய் மருந்து. அவர் யாருக்கும் கேட்காமல் காதருகே குனிந்து, "அம்மா, நெஞ்சுக் கிளினிக்குக்குப் போறனீங்களா?" என்று கேட்டார். பெரியம்மா அழுதுவிட்டார்.

காசநோய்ச் சிகிச்சை தொடங்கி இரண்டு மாதம் முடியவில்லை. பக்கத்து வீட்டுக்குத் தெரியக்கூடாது, பேரனைப் பள்ளிக்கூடத்தில் ஒதுக்கிவிடக்கூடாது என்று வீடே பொத்திவைத்திருந்தது. அந்தப் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். அதை உண்டாக்கியவர்கள் நாங்கள்தான். சரியான சிகிச்சை தொடங்கிச் சில வாரங்களில் தொற்றும் தன்மை பெரும்பாலும் போய்விடுகிறது என்பதை எத்தனை பேர் அறிந்திருக்கிறோம்? ஆனால் அந்த ஒளிப்பால்தான், வைத்தியருக்குத் தேவைப்பட்ட முக்கியமான தகவல் பல மணி நேரம் பிந்தியது.

மீனுக்குள் வேலை செய்த நொதியம்

சூரை நீண்ட தூரம் விடாமல் நீந்துகிற மீன். அதன் தசையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் தனியாக, புரதத்தில் பிணையாமல், நிறையக் கிடக்கிறது. 100 கிராம் தசையில் ஏறத்தாழ 1 கிராம்வரை இருக்கலாம். ஹிஸ்டிடின் தன்னளவில் ஒரு தீங்கும் செய்யாது. எங்கள் உடம்புக்கு வேண்டியதும்கூட.

மீனின் செவுளிலும் குடலிலும் சில பக்டீரியாக்கள் வாழ்கின்றன. மோர்கனெல்லா மோர்கனி என்ற பக்டீரியா இந்த விசயத்தில் பேர்போனது. மீன் உயிரோடு இருக்கும்வரை அவை தசைக்குள் போவதில்லை. செத்த பிறகு தடுக்க ஆளில்லை. அவற்றிடம் ஹிஸ்டிடின் டீகார்பொக்சிலேஸ் என்ற நொதியம் இருக்கிறது. அது ஹிஸ்டிடினிலிருந்து ஒரு காபனீரொட்சைட்டு மூலக்கூற்றைக் கழற்றிவிடும். மிச்சம் நிற்பது ஹிஸ்டமின்.

ஒரு நொதியம் என்ன செய்கிறது என்பதற்கு இதைவிடத் துப்புரவான உதாரணம் கிடைப்பது அரிது. ஹிஸ்டிடின் தானாக ஹிஸ்டமினாக மாறலாம். ஆனால் அதைத் தொடக்கிவிட வேண்டிய சக்தி, அதாவது ஏவற்சக்தி, மிகப் பெரியது, எனவே சாதாரண வெப்பநிலையில் அது நடப்பதாகவே தெரியாது. நொதியம் அந்தத் தடையைத் தாழ்த்துகிறது. நொதியம் என்பது மடிந்து மடிந்து ஒரு வடிவம் எடுத்த புரதம். அந்த வடிவத்தில் ஒரு குழி, அதுதான் உயிர்ப்பு மையம். ஹிஸ்டிடின் அதற்குள் பொருந்தும். பூட்டுக்குத் திறப்புப்போல என்று எமில் பிஷர் 1894இல் சொன்னார். குழி விறைப்பாக நிற்பதில்லை, வந்த மூலக்கூற்றுக்கேற்ப தானும் கொஞ்சம் இறுகிக்கொள்கிறது என்று டானியல் கோஷ்லண்ட் 1958இல் திருத்தினார். வேலை முடிந்ததும் ஹிஸ்டமின் வெளியே போகும், நொதியம் மாறாமல் அப்படியே இருக்கும், அடுத்த ஹிஸ்டிடினை எடுக்கும். தான் செலவாகாமல் திரும்பத் திரும்ப வேலை செய்வதால்தான் கொஞ்ச நொதியம் நிறைய ஹிஸ்டமினை உண்டாக்கிவிடுகிறது.

இந்த வகைப் பக்டீரியாக்களின் நொதியத்துக்கு ஒரு துணை வேண்டும். விட்டமின் பி6இலிருந்து வரும் பிரிடொக்சல் பொஸ்பேற்று அது. ஹிஸ்டிடினைப் பிடித்து, இலத்திரன்களைத் தன்பக்கம் இழுத்து, பிணைப்பு உடைய வழிசெய்வது உண்மையில் இந்தச் சின்னத் துணைதான். இந்தப் பி6ஐ மனதில் வைத்திருங்கள். கதையில் திரும்ப வரும்.

இனி வெப்பநிலை. பொதுவாக 10 பாகை செல்சியஸ் கூடினால் நொதியத்தின் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும். ஐஸில் 0 பாகையில் கிடக்கும் மீன் 30 பாகைக்கு வந்தால், நொதிய வேகம் மட்டுமே எட்டு மடங்காகிறது. அதற்குமேல், அந்தச் சூட்டில் பக்டீரியாவே பெருகுகிறது. ஐஸில் இந்த வகைகள் பெரும்பாலும் முடங்கிக் கிடக்கும். நொதியத்தின் வேகமும் கூட, நொதியத்தின் அளவும் கூட, இரண்டும் ஒன்றையொன்று பெருக்குகின்றன. விடியலிலிருந்து பதினொரு மணிவரை ஐஸ் படாமல் கிடந்த மீனுக்கு, வைகாசி வெயிலில், அந்த நேரம் தாராளம்.

மருமகளுக்கு மணம் பிடிபடாததன் காரணமும் இங்கேதான். மீன் நாறுவது வேறு நொதியங்கள், வேறு பக்டீரியாக்கள் செய்கிற வேலை. ட்ரைமெதிலமீன் போன்றவற்றின் மணம் அது. ஹிஸ்டமின் ஏறுவதற்கும் மணம் ஏறுவதற்கும் ஒரே கடிகாரம் இல்லை. கண் பளபளக்கும் மீனிலும் ஹிஸ்டமின் ஏறியிருக்கலாம்.

சரி, கொதிக்கவைத்தார்களே? கொதியில் பக்டீரியா சாகும். நொதியமும் வடிவம் குலைந்து செயலிழக்கும். ஆனால் ஏற்கெனவே உண்டான ஹிஸ்டமின் ஒரு சின்ன, உறுதியான மூலக்கூறு. கொதி அதை அசைக்காது, பழப்புளியும் அசைக்காது, தகரத்தில் அடைத்துச் சூடேற்றினாலும் போகாது. நொதியத்தை நிறுத்துகிற அடுப்பால் நொதியம் செய்துமுடித்த வேலையைத் திருப்ப முடியாது. உறைநிலையும் முழுப் பாதுகாப்பு இல்லை: உறைந்த மீனில் நொதியம் உறங்கிக் கிடந்து, ஐஸ் இளகியதும் திரும்ப வேலையைத் தொடங்கும்.

குடலில் தடுக்கப்பட்ட நொதியம்

இவ்வளவும் நாலு பேருக்கும் பொது. பெரியம்மா எங்கே வேறுபட்டார்?

எங்கள் சாப்பாட்டில் ஹிஸ்டமின் எப்போதும் கொஞ்சம் இருக்கும். அதைச் சமாளிக்கச் சிறுகுடலின் உட்சுவரில் டயமீன் ஒட்சிடேஸ் என்ற நொதியம் காவல் நிற்கிறது. ஹிஸ்டமின் இரத்தத்துக்குள் போகுமுன் அதைப் பிடித்து ஒட்சியேற்றி, தீங்கற்ற வேறொன்றாக மாற்றிவிடும். உணவு, விவசாய அமைப்பும் உலக சுகாதார அமைப்பும் சேர்ந்து 2012இல் கூட்டிய நிபுணர் குழு, ஒரு வேளைச் சாப்பாட்டில் 50 மில்லிகிராம் ஹிஸ்டமின்வரை சுகதேகியான ஒருவருக்குத் தொல்லை தராது என்று கணித்தது. 250 கிராம் மீன் சாப்பிடுவார் என்று வைத்தால், கிலோவுக்கு 200 மில்லிகிராம். அந்தத் தாங்குசக்தி இயல்பாக வருவதில்லை. இந்த நொதியம் தரும் கொடை அது.

பெரியம்மா எடுத்த காசநோய்க் குளிசைகளில் ஐசோனியசிட்டும் ஒன்று. அது இந்த நொதியத்துக்கு நிரோதி, அதாவது அதன் வேலையைத் தடுக்கும் பொருள். டயமீன் ஒட்சிடேஸின் உயிர்ப்பு மையத்தில் ஒரு செப்பு அயனும், அதன் பக்கத்தில் காபனைல் தொகுதி (காபனும் ஒட்சிசனும் இரட்டைப் பிணைப்பால் இணைந்த பகுதி) கொண்ட ஒரு துணைக்காரணியும் இருக்கின்றன. ஐசோனியசிட் ஹைட்ரசைட் என்ற இரசாயன வகையைச் சேர்ந்தது. ஹைட்ரசைட்டுகள் காபனைல் தொகுதியைக் கண்டால் பிணையும் இயல்புடையவை. குழி அடைபட்டால், ஹிஸ்டமின் கேட்பாரற்று இரத்தத்துக்குள் போகும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மீனில் கிலோவுக்கு 150 மில்லிகிராம் ஹிஸ்டமின் என்று வைத்துக்கொள்வோம். மேலே சொன்ன அளவுக்கு அது உட்பட்டதுதான். 200 கிராம் சாப்பிட்டால் 30 மில்லிகிராம் உள்ளே போகும். மற்றவர்களின் குடல் அதை விழுங்கியதே தெரியாமல் முடித்துவிடும். டயமீன் ஒட்சிடேஸ் அடைபட்டவருக்கு அதே 30 மில்லிகிராமே நஞ்சாகிவிடலாம். எங்கள் நிகழ்வில் மகனுக்கும் லேசாக முகம் சிவந்ததால், மீனில் இதைவிடக் கூடுதலாகவே இருந்திருக்க வேண்டும் என்பது என் கணிப்பு.

இந்தத் தொடர்பை உலகுக்குச் சொன்னவர்களில் இலங்கை மருத்துவர்கள் முக்கியமானவர்கள். ஐசோனியசிட் எடுக்கும் காசநோயாளர்கள் ஹிஸ்டமின் மிகுந்த மீனைச் சாப்பிட்டு இப்படி அவதிப்பட்டதை சி. ஜி. உரகொடவும் எஸ். ஆர். கொட்டேகொடவும் 1977இல் மருத்துவ இதழில் எழுதினார்கள். சூரை எங்கள் அன்றாடச் சாப்பாடு, காசநோயும் எங்களிடையே இருந்த நோய். இரண்டும் சந்திக்கும் இடத்தில் நின்றவர்கள் கண்ணைத் திறந்து பார்த்தார்கள். இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும்.

ஐசோனியசிட்டின் கதை முழுக்கவே நொதியங்களின் கதை. 1952இலிருந்து பாவனையில் இருக்கும் இந்த மருந்து உடம்புக்குள் போகும்போது காசநோய்க் கிருமியைக் கொல்லும் நிலையில் இல்லை. கிருமியின் சொந்த நொதியமான காட்ஜியே அதைச் செயற்படவைக்கிறது. செயற்பட்ட மருந்து, கிருமியின் சுவருக்கு மைக்கோலிக் அமிலம் செய்ய உதவும் இன்னொரு நொதியத்தை முடக்குகிறது. சுவர் கட்ட முடியாத கிருமி சாகிறது. காட்ஜி கெட்டுப்போன கிருமிதான் இந்த மருந்துக்குப் பெரும்பாலும் அடங்காமல் போவது. இனி எங்கள் பக்கம்: ஈரலில் உள்ள நொதியம் ஒன்று மருந்தை மாற்றி வெளியேற்றுகிறது. அந்த நொதியம் பிறப்பிலேயே மெதுவாக ஓடுகிறவர்கள் தெற்காசியாவில் நிறையப் பேர். அவர்களுடைய இரத்தத்தில் மருந்து கூட நேரம் தங்கும். பெரியம்மா அந்த வகையா என்று யாரும் சோதிக்கவில்லை.

பி6ஐ மனதில் வைக்கச் சொன்னேனே. அதன் செயற்படும் வடிவமான பிரிடொக்சல் பொஸ்பேற்றிலும் காபனைல் தொகுதி உண்டு. ஐசோனியசிட் அதையும் பிடிக்கும். கை கால் விறைக்காமல் இருக்கக் காசநோயாளருக்குப் பி6 குளிசை சேர்த்துக் கொடுப்பது அதனால்தான். மீனுக்குள் பக்டீரியாவுக்கு உதவிய அதே துணை, எங்கள் நரம்புகளுக்கும் துணை. உயிருள்ளவை எல்லாம் ஒரே சாமான்பெட்டியிலிருந்து எடுத்து வேலை செய்கின்றன என்று பாடப்புத்தகம் சொல்வதை, இந்த ஒரு வீட்டுச் சாப்பாட்டிலேயே பார்க்கலாம்.

வேறு காரணம் இருக்க முடியாதா?

இருக்கலாம், ஆகவே ஒவ்வொன்றாகப் பார்த்தோம். உண்மையான மீன் ஒவ்வாமையில் உடம்பின் மாஸ்ட் கலங்கள் என்ற நோயெதிர்ப்புக் கலங்கள் தங்களுக்குள் இருக்கும் ஹிஸ்டமினை வெளியே விடும். கூடவே டிரிப்டேஸ் என்ற நொதியமும் இரத்தத்தில் ஏறும். வெளியிலிருந்து வந்த ஹிஸ்டமின் என்றால் டிரிப்டேஸ் ஏறாது. அந்தச் சோதனை இங்கே செய்யப்படவில்லை. ஆனால் மகனுக்கும் அதே நேரத்தில் அதே குறிகள் வந்தது ஒவ்வாமைக்கு எதிரான சாட்சி. ஒரே மேசையில் இருவருக்கு ஒரே நேரத்தில் புதிதாக மீன் ஒவ்வாமை வருவதில்லை.

தலைப்பக்கத் துண்டை நான் லேசில் விடமாட்டேன். பக்டீரியா செவுளிலிருந்தும் குடலிலிருந்தும் பரவுவதால், ஒரே மீனின் முன்பகுதியிலும் வயிற்றுப் பக்கத்திலும் ஹிஸ்டமின் கூடுதலாக இருக்கும். பெரியம்மா மகனைவிடக் கூடுதல் ஹிஸ்டமினை விழுங்கியிருக்கக் கூடும். மருந்து மட்டுமே முழுக் காரணம் என்று சொன்னால் அது அவசரம். கூடுதல் அளவு, அடைபட்ட நொதியம் இரண்டும் சேர்ந்தன என்பதே என் தீர்ப்பு. மீனை அளந்திருந்தால் இன்னும் உறுதியாகச் சொல்லலாம். பயத்தில் மிச்சக் குழம்பை அன்றே குழி தோண்டிக் கொட்டிவிட்டார்கள்.

பிறகு

அடுத்த நாள் பெரியம்மா நடந்தே வீட்டுக்கு வந்தார். வந்ததும் அவர் எடுத்த முதல் முடிவுதான் எங்களைப் பதறவைத்தது: "அந்தக் குளிசைதானே செய்தது, இனி வேண்டாம்." ஹிஸ்டமின் ஒரு நாளில் போய்விடும். பாதியில் விட்ட காசநோய், மருந்துக்கு அடங்காத கிருமியோடு திரும்பி வரலாம். கிளினிக்கில் வைத்தியர் பொறுமையாக விளக்கினார். நிறுத்த வேண்டியது சூரையையும் சாளை, கும்பளா போன்ற கருந்தசை மீன்களையும் மட்டுமே, ஆறு மாதக் குளிசையை ஒரு நாளும் இல்லை. மாசியும் சூரையில் செய்வதுதான், ஆகவே சம்பலில் மாசியும் வேண்டாம். விளைமீன், கலவாய், கொடுவா சாப்பிடலாம். அவற்றின் தசையில் தனி ஹிஸ்டிடின் குறைவு. கிளினிக் அட்டையில் மருமகள் சொல்லி இதை எழுதுவித்தார். இனி எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதலில் அந்த அட்டையைக் காட்டுவது என்று மகன் ஒப்புக்கொண்டார்.

மீன் கொண்டுவருகிறவரிடம் நானே பேசினேன். நல்ல மனிதர். மணத்தை வைத்துத்தான் மீனை மதிக்கப் பழகியவர். மணமில்லாமலும் நஞ்சு ஏறும் என்பது அவருக்குப் புதுசு. மீனுக்குச் சம எடை ஐஸ், ஐஸை அடியில் மட்டும் கொட்டாமல் மீனுக்கிடையிலும் மேலேயும் போடுவது, இவைதான் அவரிடம் கேட்டது. வீட்டிலும் அதே விதி: வாங்கிய கையோடு துண்டாக்கி பிரிட்ஜில், 4 பாகைக்குக் கீழே.

பெரியம்மாவுக்கு ஒரே ஒரு கேள்வி மிச்சமிருந்தது: "குளிசை முடிஞ்சா சூரை சாப்பிடலாமோ?" சாப்பிடலாம். சிறுகுடலின் உட்சுவர்க் கலங்கள் மூன்று முதல் ஐந்து நாளுக்குள் உதிர்ந்து புதிதாக முளைப்பவை. மருந்து உடம்பைவிட்டுப் போன பின் முளைக்கும் கலங்கள், அடைபடாத டயமீன் ஒட்சிடேஸோடு வரும். குளிசை முடிந்து சில வாரம் பொறுத்து, ஐஸில் கிடந்த மீனாகப் பார்த்து வாங்கச் சொல்லியிருக்கிறார் வைத்தியர். தலைப்பக்கத் துண்டை மட்டும் விட்டுவிடும்படி நான் சொன்னேன். அதற்கு அவர் இன்னும் சம்மதிக்கவில்லை.